தேர்தலுக்கு முன் நம் ஊர்ப் பாதுகாப்பைப் பேசுவோம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலை 9 மணிக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடக்க இருக்கிறது. ஏற்பாடு செய்பவர்கள் உங்களில் சிலர்தான். பேசப்போவது நம் ஊரின் பாதுகாப்பைப் பற்றி. தேர்தல் வந்து, கொடி கட்டி, செராமா என்னும் கட்சிப் பிரசாரக் கூட்டங்கள் தொடங்கிய பிறகு பேசாமல், இப்போதே நமக்குள் உட்கார்ந்து பேசி, யாரிடம் என்ன கேட்பது என்று முடிவு செய்துகொள்ளலாம் என்பது அவர்கள் யோசனை. நல்ல யோசனை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அரசு ஊழியர். பள்ளிக்குள் கட்சி அரசியலுக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. கூட்டத்தைப் பள்ளி மண்டபத்தில் வைக்காமல் கோயில் மண்டபத்தில் வைத்திருப்பது அதற்காகத்தான். எந்த வேட்பாளரையும், எந்தக் கட்சிக் கிளைத் தலைவரையும் அழைக்கவில்லை. கட்சிச் சட்டை போட்டுக்கொண்டு வர வேண்டாம். நானும் வருவேன், பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று யாராவது என்னைக் கேட்டால் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடுவேன்.

சரி, ஒரு தலைமையாசிரியருக்கு இதில் என்ன அக்கறை? போன தவணையில் நன்னெறிக் கல்வி வகுப்பில் ஆறாம் ஆண்டு மாணவர்களை, வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொன்னோம். பயமாக இருக்கும் இடத்தில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். நாய்கள் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தன, பல்லும் நாக்கும் வைத்து. ஆனால் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்துப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே இடத்தில் வட்டம் போட்டிருந்தார்கள். தோட்டத்து மண்சாலை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் வளைவு. ரப்பர் காலத்தில் ரப்பர்த் தகடுகளை உலர்த்திய புகைவீடு கூரை போய், சுவர் மட்டும் நிற்குமே, அந்த இடம். ஒரு பெண்பிள்ளை அங்கே நான்கு மோட்டார் சைக்கிள்களை வரைந்திருந்தாள். சக்கரக் கம்பிகூட விடவில்லை, அவ்வளவு துல்லியம். ஆட்கள் மட்டும் இல்லை. "ஏம்மா, வண்டிய ஓட்டிட்டு வந்தவங்க எங்க?" என்று கேட்டேன். "தெரிஞ்ச அண்ணனுங்க சார், வரைஞ்சா திட்டுவாங்க" என்றாள்.

அந்தப் படங்களைப் பெயர்களை மறைத்துக் கூட்டத்துக்குத் தருகிறேன். ஏழு மணிக்கும் இருட்டு முழுதாக விலகாத ஊர் நம்முடையது. பள்ளியால் ஆனதை நாங்கள் செய்துவருகிறோம். காலையில் ஓர் ஆசிரியர் அந்த வளைவில் நிற்கிறார், பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்த்து அனுப்புகிறோம். ஆனால் ஆசிரியர் நிற்பது ஒரு தற்காலிக ஏற்பாடுதான். மாலை வகுப்பு முடிந்து வரும் பிள்ளைக்கு அங்கே யார் நிற்பது?

தேர்தல் காலத்தில் பாதுகாப்பு என்ற சொல் மேடையில் ஏறியதும் மிகப் பெரிதாகிவிடுகிறது. எல்லை, கடல், தீவிரவாதம் என்று போகும். அவை வெறும் பேச்சில்லை. 2013 பிப்ரவரியில் சபாவின் லஹாட் டத்துவில் ஆயுதக் கும்பல் ஊடுருவியபோது நம் போலீஸ்காரர்களும் ராணுவ வீரர்களும் உயிரைக் கொடுத்தார்கள். அதே ஆண்டு மே 5ஆம் தேதி பொதுத்தேர்தல். அந்த நேரத்தில் கிழக்குச் சபாவில் இருந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய கேள்வி இருந்திருக்க முடியாது. ஆனால் நம் ஊரில் மேடை ஏறுபவர் நம் புகைவீட்டு வளைவைப் பற்றித் தானாகப் பேசமாட்டார். அவருக்கு அது தெரியாது. நாம் எதற்குப் பயப்படுகிறோம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை அவர் நமக்குச் சொல்லிவிட்டுப் போவார்.

பாதுகாப்பெல்லாம் போலீசும் பட்டாளமும் பார்த்துக்கொள்ளும் விஷயம், நமக்கெதற்கு என்று சில தந்தைமார் சொல்வார்கள். அவர்களுக்கு நம் பேராக் மாநிலத்தின் கதையையே நினைவுபடுத்துகிறேன். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அது 1960 ஜூலை வரை நீடித்தது. சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டதையும், பால்மரம் வெட்டப் போகும்போது சோதனை போட்டதையும் உங்கள் வீட்டுப் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுக்கு நடுவில்தான், 1955 ஜூலை 27ஆம் தேதி, மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. காட்டுக்குள் இருந்து ஆயுதம் ஏந்திப் போராடிய கம்யூனிஸ்டுகளுக்குப் பொதுமன்னிப்பு கொடுக்கலாமா என்பது அந்தத் தேர்தலில் மக்கள் முன் வைக்கப்பட்ட கேள்வி. வென்று முதலமைச்சரான துங்கு அப்துல் ரஹ்மான் அந்த டிசம்பரிலேயே பாலிங்கில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கை நேருக்கு நேர் சந்தித்துப் பேசினார். பேச்சு முறிந்தது, அது வேறு கதை. அன்றைய வாக்காளர்களில் நம்மவர்கள் மிகச் சிலரே. குடியுரிமை இல்லாமல் வெளியே நின்றவர்கள்தான் அதிகம். துப்பாக்கிச் சத்தம் கேட்ட காலத்தில் அந்தக் கேள்வியை வாக்காளரிடம் கொண்டுபோனார்கள் என்றால், இன்று நாம் ஏன் ஒதுங்க வேண்டும்?

அடுத்து, யாரிடம் கேட்பது. இதில்தான் நாம் அதிகம் தடுமாறுகிறோம். சாலை விளக்கு எரியவில்லை என்று எம்.பி.யிடம் சண்டை போடுகிறோம், போலீஸ் ரோந்து வரவில்லை என்று சட்டமன்ற உறுப்பினரைத் திட்டுகிறோம். போலீசும் உள்நாட்டுப் பாதுகாப்பும் மத்திய அரசின் பொறுப்பு. அதை எம்.பி. நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டும். விளக்கு, கால்வாய், புதர் வெட்டுவது ஊராட்சி மன்றத்தின் வேலை. அந்த மன்ற உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. அதனால் அந்தக் கேள்வி சட்டமன்ற வேட்பாளருக்கு. தோட்டச் சாலையோ தனியார் நிலம், அங்கே விளக்குப் போடச் சொல்லித் தோட்ட நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். நம் புகைவீட்டு வளைவு சரியாக இந்த இரண்டும் சேரும் இடத்தில் இருக்கிறது. யார் போனாலும் "அது எங்கள் பக்கம் இல்லை" என்று கை காட்டுவதற்கு வசதியான இடம்.

ஊராட்சி மன்றத்துக்கு நாம் ஏன் ஓட்டுப் போடுவதில்லை என்று இளைய பெற்றோர் ஒருவர் கேட்டார். ஒரு காலத்தில் போட்டோம். 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். அதுவும் பாதுகாப்பு என்ற பெயரில்தான், பாருங்கள். மோதல் மறு ஆண்டே முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. இதை ஆராய அமைத்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மாளின் கணவர். மன்ற உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நேர்மாறாகப் போய்த் தேர்தலே இல்லாமல் செய்துவிட்டது. பாதுகாப்புக்காக என்று சொல்லி எதையாவது நிறுத்தும்போது, திரும்ப எப்போது தொடங்குவீர்கள் என்று அன்றைக்கே கேட்டு வைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இது கட்சி அரசியல் ஆகாது என்று நம்புகிறேன்.

இன்னொரு விஷயம், பேசச் சங்கடமானது. நம் பிள்ளைகளை இழுக்கும் கும்பல்களைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, அவற்றில் நம் சமூகத்து இளைஞர்கள் எத்தனை பேர் என்பது எல்லா வீட்டுக் கூடத்திலும் பேச்சாக இருந்தது. அப்புறம் அடங்கிவிட்டது. மறுபக்கம் சொஸ்மா, அதாவது பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம். 2012இல், விசாரணையின்றிக் காவலில் வைக்க இடம் கொடுத்த ஐ.எஸ்.ஏ. (உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம்) நீங்கியபோது வந்தது. இதன்கீழ் பிடிபட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்தாமலே 28 நாள் வரை போலீஸ் வைத்திருக்கலாம். குண்டர் கும்பல் வழக்குகளிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். கும்பலிடம் அடிபட்ட மகனை மருத்துவமனையில் பார்த்துக்கொண்ட தாய் இந்தச் சட்டம் வேண்டும் என்பார். மகனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன பிறகு வாரக்கணக்கில் ஒழுங்கான தகவல் இல்லாமல் தவித்த தாய் வேண்டாம் என்பார். மதியம் ஒரு மணிக்கு இருவரும் நம் பள்ளி வாசலில்தான் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவர் பேச்சையும் ஒரே மண்டபத்தில் வைத்துக் கேட்டதுண்டா நாம்?

இதில் நம் ஓட்டுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அந்த 28 நாள் விதி தொடர வேண்டுமானால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் அதை நீட்டிக்க வேண்டும். 2022 மார்ச்சில் மக்களவையில் அது ஓட்டெடுப்புக்கு வந்தது. ஆதரவு 84, எதிர்ப்பு 86. தோற்றது. அவையில் மொத்தம் 222 பேர், மீதிப் பேர் எங்கே போனார்கள் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஜூலையில் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அந்த ஐந்தாண்டு 2027 ஜூலையோடு முடிகிறது. இப்போதைய நாடாளுமன்றம் முதலில் கூடியது 2022 டிசம்பர் 19. முன்கூட்டியே கலைக்காவிட்டால் 2027 டிசம்பரில் தானாகக் கலையும், அடுத்த 60 நாளுக்குள் தேர்தல். இரண்டும் எவ்வளவு அருகருகே வருகின்றன பாருங்கள். நீட்டிக்கச் சொல்வீர்களோ வேண்டாம் என்பீர்களோ, அது உங்கள் விருப்பம். ஆனால் அன்று நம் தொகுதி உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார், அவையில் இருந்தாரா என்பதாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாடாளுமன்ற அவைக்குறிப்பு இணையத்தில் கிடைக்கிறது. மலாய் நன்றாகப் படிக்கும் யாராவது எடுத்துவந்து வாசித்துக் காட்டினால் நன்றாக இருக்கும்.

வங்கிக் கணக்கை வாடகைக்கு விடும் வேலையையும் பேச வேண்டும். ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளைகளிடம் சில நூறு வெள்ளியைக் கொடுத்து ஏ.டி.எம். கார்டை வாங்கிக்கொள்கிறார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கில் ஏறி இறங்கும். கடைசியில் போலீஸ் கதவைத் தட்டுவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டில். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டவர்கள் தயங்காமல் உடனே தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும். நேரம் போகப் போகப் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

ஏன் இப்போதே என்றால், 2022 பொதுத்தேர்தலில் வேட்புமனு நாளிலிருந்து ஓட்டு நாள் வரை 14 நாள்தான். 2018இல் அதைவிடக் குறைவு. அந்த நாள்களில் ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு நடுவே யோசிக்க முடியாது. அதோடு, "குற்றத்தைக் குறைப்பீர்களா?" என்று பொதுவாகக் கேட்டால் "கண்டிப்பாக, அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். "இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் தோட்டத்துக்கு ரோந்து வண்டி வாரத்தில் எத்தனை முறை வரும், வரவில்லை என்றால் நாங்கள் யாரைக் கூப்பிடுவது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அவர் விசாரித்துவிட்டுத்தான் வர வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட கேள்விகள் நாலைந்து கிடைத்தால் போதும். கட்சி பார்க்காமல் எல்லா வேட்பாளருக்கும் அதே கேள்வி, எழுத்தில். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது பெற்றோர் குழுவின் வேலை, பள்ளியின் வேலை இல்லை.

நம் பள்ளியில் படித்து இப்போது 18 வயதைத் தாண்டிய பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். 2021 டிசம்பர் முதல் 18 வயதிலேயே ஓட்டுரிமை, பதிவும் தானாக நடக்கிறது. அந்த வளைவில் உட்காரும் அண்ணன்கள் வந்தாலும் நல்லதுதான், அவர்களுக்கும் அங்கே உட்காராமல் போக வேறு இடம் இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிபோனவர்கள், அடையாள அட்டையில் முகவரியை மாற்றிய பிறகு தேர்தல் ஆணையத்திடமும் மாற்றத்துக்கு விண்ணப்பித்தீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் பாட்டிமாரை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். ஓட்டு இல்லையே தவிர, பகல் முழுக்கத் திண்ணையில் இருந்து யார் வருகிறார் போகிறார் என்று பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

கூட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. யாரும் கைப்பேசியில் பதிவு செய்யக் கூடாது, அங்கே பேசியதைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போடக் கூடாது. யாருடைய மகன் பெயரும், எந்த வீட்டு எண்ணும் சொல்லாமல் பேச வேண்டும். குறிப்பாக ஒரு குற்றத்தைப் பற்றித் தகவல் தெரிந்தால் அதைப் போலீசிடம் சொல்லுங்கள், மண்டபத்தில் சொல்ல வேண்டாம். அவசரம் என்றால் 999.

பசியாறல் ஏற்பாடு இருக்கிறது, இட்லியும் தேநீரும். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கீழே உள்ள துண்டில் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர் கோயில் பின்கட்டில் இருப்பார்.

நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்