ஆங்கிலச் சொற்கொப்பி மாறியது பற்றி

அன்புள்ள பெற்றாருக்கு,

இந்தத் தவணை தொடங்கியதிலிருந்து அலுவலகத்துக்கு வருகிற பெற்றாரில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "முந்தி ஒரு நாளைக்கு இருபது இங்கிலிஷ் சொல் எழுதினவை. இப்ப நாலோடை நிக்குது. ஏன் சேர்?" தரம் 6 முதல் 9 வரையான வகுப்புகளில் ஆங்கிலச் சொற்கொப்பி மாறியிருப்பது உண்மைதான். யோசித்துத்தான் மாற்றினோம். காரணத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதிலும் பார்க்க எழுதிவிடுகிறேன்.

பழைய கொப்பியில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்க் கருத்து. பிள்ளை இரவு பாடமாக்கும், காலையில் சொல்வதெழுதலில் இருபதுக்கு இருபது எடுக்கும். இரண்டு கிழமை கழித்து அதே சொல்லைக் கேட்டால் முழிக்கும். பிள்ளையைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் பொருளற்ற அசைகளைப் பாடமாக்கித் தன்னையே சோதித்து, மறதியின் வேகத்தை 1885இலேயே கணக்கிட்டு எழுதினார். படித்ததில் பெரும்பங்கு முதல் நாளுக்குள்ளேயே கைநழுவுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் நிற்கிறது. ஆகவே இப்போது ஒரு நாளைக்கு 4 புதிய சொல். அவற்றோடு நேற்றைய சொல்லும், போன கிழமைச் சொல்லும், போன மாதச் சொல்லும் மறுபடி வரும். மொத்தமாகப் பார்த்தால் வேலை குறையவில்லை.

அடுத்த மாற்றம், சொல்லைத் தனியாக எழுதுவதில்லை. தரம் 8 பிள்ளை ஒன்றின் பழைய கொப்பியில் 'பொரோ – இரவல்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. அதே பிள்ளை கட்டுரையில் 'மை ஃபிரென்ட் பொரோட் மீ ஹிஸ் பைசிக்கிள்' என்று எழுதிவிட்டது. நண்பன் சைக்கிள் இரவல் தந்தான் என்று சொல்லத்தான் வந்தது. நாங்கள் வாங்கினாலும் இரவல், கொடுத்தாலும் இரவல். ஆங்கிலத்தில் வாங்குவது 'பொரோ', கொடுப்பது 'லென்ட்'. பட்டியலை எவ்வளவு பாடமாக்கினாலும் இது தெரியவராது. புதிய கொப்பியில் அந்த இடத்தில் 'ஐ பொரோட் எ பைசிக்கிள் ஃப்ரொம் மை ஃபிரென்ட்' என்று முழு வசனமும், அதன் தமிழ் வசனமும் இருக்கும். சொல்லோடு 'ஃப்ரொம்' வருகிறது, இறந்தகாலம் வருகிறது, தமிழில் இல்லாத அந்த 'எ'யும் வருகிறது. இலக்கணத்தில் பாதியை இப்படியே படித்துவிடலாம்.

எந்த 4 சொல் என்பதற்கும் கணக்கு உண்டு. சாதாரண ஆங்கிலப் பக்கம் ஒன்றில், மிக அடிக்கடி வரும் 2,000 சொற்களே ஏறக்குறைய 80 வீதத்தை அடைத்துக்கொள்ளும். முதலில் அவை. 'டேக்' என்ற சின்னச் சொல்லை எத்தனை விதமாகப் பாவிக்கலாம் என்று தெரியாத பிள்ளைக்கு, அகராதியின் மூலையில் கிடக்கும் நீளச் சொற்களைப் பாடமாக்கக் கொடுக்கிற ரியூசன்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை.

இனி சிவப்பு மை விஷயம். "கட்டுரையில் இவ்வளவு பிழை இருக்கு, ரீச்சர் ஒரு இடத்தில்தான் கோடு போட்டிருக்கிறா" என்று இரண்டொருவர் கோபமாகவே வந்தீர்கள். அதுவும் தெரிந்து செய்வதுதான். 'ஷீ கோஸ்' என்பதில் வருகிற அந்த 'ஸ்'ஸை எடுத்துக்கொள்ளுங்கள். போகிறேன், போகிறாய், போகிறாள் என்று ஆளுக்காள் விகுதி மாற்றிப் பேசும் பிள்ளைக்கு இது லேசு என்றுதான் நினைப்போம். 1970களில் வெவ்வேறு தாய்மொழிப் பிள்ளைகள் ஆங்கிலம் பழகும் விதத்தை ஆராய்ந்தபோது, 'இங்' விகுதியும் பன்மையும் நேரத்தோடு வந்துவிட, இந்த 'ஸ்' மிகவும் பிந்தித்தான் வந்தது. விதியைப் பிழையில்லாமல் ஒப்புவிக்கிற பிள்ளையே அடுத்த மூச்சில் 'ஷீ கோ' என்று சொல்லும். ஆகவே ஒரு கட்டுரையில் ஒருவகைப் பிழையை மட்டும் திருத்துகிறோம். இந்த மாதம் இறந்தகாலம் என்றால் இறந்தகாலம் மட்டும். பக்கம் முழுக்கச் சிவந்திருந்தால் பிள்ளை எதைத்தான் பார்க்கும்?

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் பரவாயில்லை. கொப்பியிலுள்ள தமிழ் வசனத்தை நீங்கள் வாசியுங்கள், பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லட்டும். பத்து நிமிடம் போதும். வாசிப்பதற்கு, தெரியாத சொல் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் வராத புத்தகமாகப் பார்த்து எடுங்கள். தரம் 9 பிள்ளை சின்னப்பிள்ளைக் கதை வாசித்தால் வெட்கமில்லை. பாடசாலை நூலகத்திலும் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதியிலும் தேடலாம்.

இன்னொன்று. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மாமா அழைக்கும்போது ஃபோனைப் பிள்ளையிடம் நீட்டி, "இங்கிலிஷிலை கதை பாப்பம்" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லாதீர்கள். அங்கு பிறந்த மச்சாள் சிரித்தால், பிறகு ஒரு வருடத்துக்கு இந்தப் பிள்ளை வாய் திறக்காது. இரண்டு பிள்ளைகளையும் தனியே விடுங்கள். பத்து நிமிடம் ஆங்கிலம், பத்து நிமிடம் தமிழ். பின்பாதியில் சிரிக்கும் முறை எங்கள் பிள்ளைக்கு.

ஆங்கிலம் வரவேண்டும் என்று வீட்டில் தமிழைத் தடுக்கும் சிலரும் இருக்கிறீர்கள். வேண்டாம். வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய, ஆங்கிலத்தில் படிப்பித்த செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். 1887இல் கலித்தொகையை அச்சேற்றியதும் அவர்தான். தமிழில் ஒரு சம்பவத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் ஆங்கிலக் கட்டுரையில் எழுத ஏதாவது இருக்கும்.

கொப்பி வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வரும். திங்கட்கிழமை காலை உங்கள் கையொப்பத்தோடு திரும்ப வேண்டும். பிள்ளையே உங்கள் கையொப்பத்தை இடுவது எங்களுக்கு உடனே தெரிந்துவிடும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். 80 பக்கச் சாதாரணக் கொப்பி போதும், விலை கூடிய சீ.ஆர். கொப்பி தேவையில்லை. வாங்குவது சிரமமானால் வகுப்பாசிரியரிடம் ஒரு சொல் சொன்னால் சரி, பாடசாலையில் தருவோம்.

இப்படிக்கு,
அதிபர்