சால்மன் திறந்த இரண்டு நாட்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

பேரன்புடைய உறுப்பினர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

சென்ற இரண்டு பொதுக்குழுக்களிலும் சால்மன் பற்றி ஒரே வரியைத்தான் என்னால் படிக்க முடிந்தது: "இவ்வாண்டு பருவம் திறக்கப்படவில்லை." 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கலிபோர்னியக் கடலில் சால்மன் பிடிக்க முழுத் தடை இருந்தது. 2025இல் வணிகப் படகுகளுக்குத் தடை மூன்றாம் ஆண்டாகத் தொடர்ந்தது. நம்மைப் போன்ற தூண்டில்காரர்களுக்கு மட்டும் கோடையில் ஜூன் 7, 8 ஆகிய இரண்டு நாட்களும், பின்னர் செப்டம்பரில் சில நாட்களும் திறந்தார்கள். அதனால் இம்முறை அறிக்கை சற்று நீள்கிறது. பொறுத்தருள வேண்டும்.

ஜூன் 7 அதிகாலை நான்கரை மணிக்கு ஹாஃப் மூன் பேயின் பில்லர் பாயிண்ட் துறைமுகத்தில் நம்மவர் பதினான்கு பேர் கூடினோம். வாகனம் நிறுத்த இடமில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உறங்கிக் கிடந்த துறைமுகம் ஊர்த் திருவிழாவைப் போல விளக்கும் பேச்சுமாக இருந்தது. நம் கேப்டன் எல்லாரையும் பெயர் சொல்லி அழைத்துப் படகில் ஏற்றினார். அவர் குரல் தழுதழுத்ததைக் கேட்டவர்கள் என்னோடு அங்கே இருந்தார்கள்.

புதிய உறுப்பினர்களுக்காக முறையைச் சொல்லிவிடுகிறேன். படகு மெல்ல ஓடும்; நெத்திலி கோத்த தூண்டில் ஈயக் குண்டின் கனத்தில் ஆழத்தில் பின்தொடரும். ஆளுக்கு ஒரே கோல். எதிர்முள் இல்லாத கொக்கிதான் சட்டம். ஆகவே மீன் கடித்த பிறகு தூண்டில் நரம்பை ஒரு நொடி தளரவிட்டாலும் மீன் நமக்கில்லை. அன்று அப்படித் தப்பியவை, வலைக்கு வந்தவற்றைவிட அதிகம். ஆளுக்கு இரண்டு மீன் வரை எடுக்கலாம் என்றாலும் பதினான்கு பேருக்கும் சேர்த்து ஒன்பதுதான் கிடைத்தன. முதல் மீன், முதன்முறையாகக் கடலுக்கு வந்த நம் சகோதரி ஒருவருடையது. இருபது நிமிடம் போராடினார். கோலை வாங்கிக்கொள்ள நீண்ட கைகளையெல்லாம் மறுத்துவிட்டார். நல்ல சின்னூக் வகைச் சால்மன், வெள்ளிப் பாளம் போல இருந்தது.

கோஹோ என்னும் வேறு வகைச் சால்மன் ஒன்றும் சிக்கியது. அதை வைத்துக்கொள்ள இங்கே அனுமதி இல்லை. ஈறு கறுத்திருந்தால் சின்னூக், பல்லடியில் வெளுத்திருந்தால் கோஹோ. தண்ணீரை விட்டுத் தூக்காமலே விடுவித்தோம். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் இனி யாரும் படகேற வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

முதுகின் பின்புறத்துச் சிறு கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்ட மீன்கள் இரண்டு இருந்தன. அவை குஞ்சுப் பண்ணையில் பிறந்தவை; மூக்கினுள் ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள குறியீட்டுக் கம்பி இருக்கும். எந்தப் பண்ணை, எந்த ஆண்டு என்பதை அது சொல்லிவிடும். கரையில் காத்திருந்த மாநில மீன்வளத் துறைப் பணியாளரிடம் இரண்டு தலைகளையும் கொடுத்தோம். தலைக்கறிக்காக ஒருவர் தயங்கினார். குழம்பைவிட அந்தக் கம்பி பெரிது என்று சொல்லிப் புரியவைத்தோம்.

கோடைக்கு மாநிலக் கடற்கரை முழுவதற்குமாக வகுத்திருந்த அளவு 7,000 மீன்கள். அந்த இரண்டு நாட்களிலேயே அது கடந்துவிட்டது; ஜூலை, ஆகஸ்டில் குறித்திருந்த நாட்கள் கைவிடப்பட்டன. ஜூலைக்குப் பதிவு செய்திருந்தவர்கள் என்னிடம் கோபித்துக்கொண்டார்கள். அவர்களின் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் நிறுத்தியது சரி என்பதே என் கருத்து, அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. நாம் பிடிக்கும் மீன்களில் பெரும்பகுதி இலையுதிர்காலத்தில் சாக்ரமெண்டோ ஆற்றுக்குத் திரும்பும் இனம். ஆண்டுதோறும் 1 லட்சத்து 22 ஆயிரம் முதல் 1 லட்சத்து 80 ஆயிரம் வரை முட்டையிடத் திரும்ப வேண்டும் என்பது இலக்கு. 2025இல் கடலில் இருப்பதாகக் கணிக்கப்பட்டதே சுமார் 1 லட்சத்து 65 ஆயிரம். கணக்கு அவ்வளவு இறுக்கமானது.

இந்த நிலைக்குத் தூண்டில் காரணமல்ல. 2020 முதல் 2022 வரை நீடித்த வறட்சியில் ஷாஸ்தா அணைக்குக் கீழே சாக்ரமெண்டோ ஆறு சூடேறி, சரளைக் கற்களுக்குள் முட்டைகள் வெந்தன. போதாக்குறைக்கு, கடலில் நெத்திலி பெருகியபோது சால்மன்கள் வேறு இரையின்றி அதையே தின்றன. நெத்திலியில் உள்ள ஒரு நொதி தயமின் என்னும் உயிர்ச்சத்தை அழித்துவிடுகிறது. தாய்க்கு வந்த குறை குஞ்சுக்கு இறங்கி, பொரித்த குஞ்சுகள் சுழன்று சுழன்று செத்தன. நாம் கொக்கியில் கோக்கும் அதே மீன்! இப்போது பண்ணைகளில் முட்டைகளைத் தயமின் கரைத்த நீரில் நனைக்கிறார்கள்.

இதை நேரில் அறியவே நவம்பரில் அமெரிக்கன் ஆற்றங்கரையில் உள்ள நிம்பஸ் பண்ணைக்குக் குடும்பங்களுடன் சென்றோம். மீன்கள் ஏறுவதற்கென்றே கட்டிய நீர்ப்படிகளில் அவை தாவுவதைக் கண்ட பிள்ளைகள் திரும்ப மறுத்தார்கள். உடல் கறுத்து, வால் தேய்ந்து, ஆனாலும் அடுத்த படிக்கு எழும்பிய மீனைப் பார்த்த பிறகு, ஜூலைப் பயணம் போனதே என்ற பேச்சு நம் குழுவில் எழவில்லை. அங்கிருந்து திரும்பும் வழியில்தான், கிளாமத் ஆற்றின் நான்கு அணைகள் 2024இல் அகற்றப்பட்டதையும், அந்த இலையுதிர் காலத்திலேயே சால்மன்கள் ஆரிகன் எல்லை தாண்டி மேலேறியதையும் பற்றி மூத்த உறுப்பினர் ஒருவர் விரிவாகச் சொன்னார்.

செப்டம்பர் 4 முதல் 7 வரை மீண்டும் திறந்திருந்தபோது ஒரு பயணம் ஏற்பாடு செய்தோம். வடமேற்குக் காற்று மிஞ்சியதால் பத்து மணிக்கே திரும்பினோம். மீன் இல்லை. வாந்தி மாத்திரையை முதல்நாள் இரவே போட்டுக்கொள்ளும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவு விவரம் பொருளாளர் அறிக்கையில் உள்ளது. பற்றாக்குறை இல்லை.

முக்கியமாகச் சொல்ல நினைத்தது கேப்டனைப் பற்றி. தடைக்காலத்தில் அவர் பாறைமீன் பிடிக்க ஆளேற்றினார், திமிங்கலம் காட்டினார், அஸ்தி கரைக்க வந்தவர்களைக் கடலுக்கு அழைத்துச் சென்றார். அப்படித்தான் படகை விற்காமல் வைத்திருந்தார். அதே துறையில் விற்றுவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். அந்த ஆண்டுகளில் பாறைமீன் பயணத்துக்கு நம்மில் எத்தனை பேர் வந்தோம்? ஒருமுறை நான்கு பேர், மறுமுறை ஆறு பேர். சால்மன் திறக்கும் அன்று மட்டும் அவரை நாம் தேடினால், அடுத்த முறை திறக்கும்போது துறையில் படகு இருக்காது. எனவே 2026இல் சால்மன் திறந்தாலும் திறக்காவிட்டாலும் நான்கு பயணங்களுக்கு முன்பணம் கட்டச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும்.

பருவம் பற்றிய முடிவைப் பசிபிக் மீன்வள மேலாண்மை மன்றம் மார்ச், ஏப்ரல் கூட்டங்களில் எடுக்கும். ஆற்றில் குளிர்நீர் விடுவது குறித்த நம் வேண்டுகோளை அதற்கு முன்பே உரிய இடங்களுக்கு அனுப்ப வேண்டும். வரைவு நுழைவாயில் மேசையில் இருக்கிறது. வெளியே போகுமுன் படித்துக் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்