அடாப்டர் தகட்டின் மையப் பிழை குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மஸ்டா 13பி எஞ்சினை டி-5 கியர் பாக்ஸுடன் இணைக்க நீங்கள் விற்ற அடாப்டர் தகடு மையம் விலகித் துளையிடப்பட்டிருப்பது

ஐயா / அம்மையீர்,

1929 ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டர் ஒன்றைப் பழைய பாணி ஹாட் ராடாக, அதாவது வேகத்துக்காக எஞ்சின் மாற்றிய வண்டியாகக் கட்டிவருகிறேன். அதற்காக உங்களிடம் வாங்கிய தகட்டில் பிழை இருக்கிறது. அதைச் சொல்லி எழுதியதற்கு, மாடல் ஏ வண்டியில் 13பி போன்ற ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டர் கொண்டது) வைப்பது வழக்கத்துக்கு மாறானது, அதனால் வரும் கோளாறுக்கு நீங்கள் பொறுப்பல்ல என்று உங்கள் தொழில்நுட்பப் பிரிவு பதில் அனுப்பியிருக்கிறது. போன பணத்தைவிட இந்தப் பதில்தான் என்னை அதிகம் உறுத்துகிறது.

கிளட்சை மிதித்ததும் பெல் ஹவுசிங்குக்குள், அதாவது கிளட்சை மூடியிருக்கும் கூட்டுக்குள், கரகரவென்று சத்தம் வந்தது. காலை எடுத்தால் நின்றது. இரண்டாம் கியர் விழ மறுத்தது. கியர் பாக்ஸை இறக்கினால், அதற்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங்கின் ஊசி உருளைகள் நொறுங்கிக் கிடந்தன, இன்புட் ஷாஃப்டின் மூக்கு வரிவரியாகத் தேய்ந்திருந்தது. புது பேரிங் இப்படிக் காரணமில்லாமல் நொறுங்காது. நுண்ணளவு காட்டும் டயல் கேஜை, எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீலில் பொருத்தி, பெல் ஹவுசிங்கின் நடுத்துளையைச் சுற்றி அளந்தேன். முள் மொத்தம் 0.9 மி.மீ. ஆடியது. அப்படியானால் மையம் 0.45 மி.மீ. விலகியிருக்கிறது. இந்த வேலையில் பொதுவாக ஏற்கும் வரம்பு 0.13 மி.மீ., அதாவது அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஐந்து பங்கு. குறை பெல் ஹவுசிங்கில் இருக்குமோ என்ற கேள்வி எழக்கூடாது என்பதற்காகத் தகட்டைத் தனியே ஒரு லேத் பட்டறையில் கொடுத்தும் அளந்தாயிற்று. எஞ்சின் பக்க டவல் (பாகங்களை இடத்தில் நிறுத்தும் முளை) துளைகளுக்கும் கியர் பாக்ஸ் பக்க டவல் துளைகளுக்கும் நடுவே அதே விலகல். அளவுத்தாள், படங்கள், ரசீது மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

ரோட்டரியின் அதிர்வுதான் காரணம் என்கிறீர்கள். 13பி-யில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனே கிடையாது. இரண்டு ரோட்டர்களும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் அமைந்தவை. முன்னும் பின்னும் எதிர் எடை வைத்துச் சமன் செய்யப்பட்டவை. பின் எடை அந்த எஞ்சினுக்குரிய ஃப்ளைவீலோடு சேர்ந்தே வருகிறது, அதை நான் மாற்றவில்லை. அதிர்வுதான் காரணம் என்றால் கிளட்சை மிதிக்கும்போது மட்டும் வந்து விட்டதும் போகுமா? மையம் சற்றே விலகிய ஆஃப்செட் டவல் போட்டுக்கொள்ளும்படியும் எழுதியிருக்கிறீர்கள். வார்ப்பு பிளாக்குகளில் இருக்கும் சிறு வேறுபாட்டை ஈடுகட்டத்தான் அவை. நீங்கள் துளையிட்ட புதுத் தகட்டின் பிழையை என் தலையில் கட்ட அவற்றைக் காட்டுவது நியாயமில்லை.

இந்த எஞ்சினை ஆசைக்காக மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. மாடல் ஏ-யின் 3.3 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின் தந்தது 40 குதிரைத்திறன். 1984-85 மஸ்டா ஆர்எக்ஸ்-7 ஜிஎஸ்எல்-எஸ்இ காரில் வந்த 13பி, வெறும் 1.3 லிட்டரில் 135 தருகிறது. நீளமும் எடையும் குறைவு. இதே இடத்தில் எட்டு சிலிண்டர் வி-8 வைப்பவர்கள் பலர், எஞ்சினுக்கும் ஓட்டுபவருக்கும் நடுவே உள்ள ஃபயர்வாலை வெட்ட வேண்டியிருக்கிறது. என் வண்டியின் அசல் இரும்பு ஃபயர்வாலில் வெட்டே விழவில்லை.

வழக்கம் என்று எதைச் சொல்கிறீர்கள்? 1932-இல் ஃபோர்டு வி-8 வந்ததும், கலிபோர்னியாவின் மியூராக் உலர் ஏரியில் வேகம் பார்த்த இளைஞர்கள் அதை மாடல் ஏ சேசிஸில் இறக்கினார்கள். 1949-இல் காடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபீலும் கொண்டுவந்த ஓவர்ஹெட் வால்வு வி-8-களும், 1955-இல் வந்த செவ்ரோலெ ஸ்மால் பிளாக்கும் ஃபோர்டு வண்டிகளுக்குள் புகுந்தன. இன்று எல்லாரும் வைக்கும் அந்தச் செவ்ரோலெ எஞ்சினும் ஒருகாலத்தில் ஃபோர்டுக்கு அந்நியம்தான். வேறுவேறு நிறுவனங்களின் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்த்துவைக்கும் தகட்டை விற்றுப் பிழைக்கும் தொழில் உங்களுடையது. அதில் இருந்துகொண்டு, வழக்கமில்லாத எஞ்சின் என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பலாமா?

மேலும், உங்கள் விலைப்பட்டியலிலேயே இந்தத் தகடு 13பி, டி-5 இரண்டுக்கும் என்று அச்சாகியிருக்கிறது. ஆர்டர் படிவத்தில் வண்டியின் விவரம் கேட்டீர்கள், எழுதிக் கொடுத்தேன். வாங்குபவரின் குறிப்பிட்ட தேவையை அறிந்து, அவர் விற்பவரின் திறமையை நம்பி வாங்குகிறார் என்றும் தெரிந்து விற்பவருக்கு என்ன பொறுப்பு என்பதைக் கலிபோர்னியா வணிகச் சட்டத்தொகுப்பின் 2315-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் சட்டப் பிரிவிடம் காட்டுங்கள்.

இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்று வரை போகும். அந்த வேகத்தில் ஏதாவது உடைந்து சிதறினால், மாடல் ஏ-யில் கிளட்சுக்கும் ஓட்டுபவரின் காலுக்கும் நடுவே இருப்பது மரப்பலகைத் தரை. நான் சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டேன். இதே தகட்டை வாங்கிய இன்னொருவர் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

ஆகவே தகட்டின் விலை, பைலட் பேரிங், இன்புட் ஷாஃப்ட், பட்டறைக் கூலி ஆகியவற்றை நீங்கள் தர வேண்டும். இதே தொகுப்பில் மீதமுள்ள தகடுகளை அளந்து பார்த்து, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது நடக்காமல் முதலாவதை மட்டும் தந்து முடிக்கப் பார்த்தால் ஏற்க மாட்டேன். தகட்டை நீங்களே அளந்து பார்க்க விரும்பினால் அனுப்பத் தயார். அஞ்சல் செலவு உங்களுடையது. 30 நாள்களுக்குள் உங்கள் பொறியாளர் கையெழுத்திட்ட பதில் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ரிவர்சைட், கலிபோர்னியா