எங்கப்பாவின் 14 வருடத்தை எங்கே வைத்தீர்கள்? ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். காப்பீட்டு நிறுவனத்துக்காக மருத்துவக் கிளெய்ம்களைக் கவனிக்கும் டிபிஏ (மூன்றாம் தரப்பு நிர்வாகி) நீங்கள். போன வாரம் உங்கள் நிறுவனத்திலிருந்து எங்கப்பாவின் வாட்ஸப்புக்கு ஒரு பிடிஎஃப் வந்தது. "எங்கள் பயணம்" என்று தலைப்பு. பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். இரண்டு அறையும் ஒரு பேக்ஸ் மெஷினுமாகத் தொடங்கியது, அப்புறம் உரிமம் வாங்கியது, வடக்கே ஒரு நிறுவனத்தை இணைத்துக்கொண்டது, வெளிநாட்டு முதலீடு வந்தது, பெயர் மாறியது, லோகோ மாறியது, பிறகு நீங்களே இன்னொரு பெரிய நிறுவனத்துக்குள் போனது என்று எல்லாம் வரிசையாக, அழகாகப் போட்டிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில் இணைந்த நிறுவனங்கள் அத்தனையின் அனுபவத்தையும் சேர்த்து உங்களுக்கு இத்தனை ஆண்டு அனுபவம் என்று பெரிய எழுத்தில் ஒரு கூட்டல் கணக்கும் இருந்தது.

வாழ்த்துகள். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் யாரை வாங்கினாலும், யார் உங்களை வாங்கினாலும், உங்கள் வருடங்கள் மட்டும் ஒன்றோடு ஒன்று கூடிக்கொண்டே போகின்றன. எங்கப்பா 2009-லிருந்து விடாமல் பிரீமியம் கட்டிய வருடங்களோ நீங்கள் கைமாறிய அன்று காணாமல் போய், அவருடைய பாலிசி 2023-ல்தான் தொடங்கியது என்று உங்கள் சிஸ்டம் சொல்கிறது. அந்த 14 வருடத்தைத் திருப்பி வையுங்கள். கேட்பது இது ஒன்றுதான். கிளெய்ம் எண்ணும் கடிதப் போக்குவரத்தும் உங்களிடம் இருப்பதால் முழுக்கதையையும் இங்கே சொல்லப் போவதில்லை.

ஆனால் டிஸ்சார்ஜ் அன்று நடந்ததை மட்டும் சொல்லியே ஆக வேண்டும், அது உங்கள் ஃபைலில் இருக்காது. தீபாவளி முடிந்த வாரம் அப்பாவுக்கு நெஞ்சுவலி, அவினாசி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், ஆஞ்சியோ பார்த்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அட்மிஷன் அன்றே முதல் தவணையாக 60,000 ரூபாய்க்குக் கேஷ்லெஸ் (கையிலிருந்து கட்டாமல் காப்பீடே ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பது) ஒப்புதல் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் காலையில் கையெழுத்துப் போட்டார். கையில் இருந்த ஊசியை எடுத்துவிட்டார்கள், அப்பா வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் ஆயிற்று. அடுத்த நோயாளிக்குப் படுக்கை வேண்டும் என்று எங்களைக் கீழே வரவேற்பறைக்கு அனுப்பினார்கள். முந்தாநாள் ஸ்டென்ட் வைத்த மனிதர், பிளாஸ்டிக் நாற்காலியில், ஏசிக் காற்றில் துண்டைப் போர்த்திக்கொண்டு, பொழுது இறங்கும் வரை உட்கார்ந்திருந்தார். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண் பாவம், ஒவ்வொரு தடவையும் "க்வெரி போட்டிருக்காங்க சார்" என்றது.

என்ன க்வெரி? இவருக்கு பிரஷர் எந்த வருடம் வந்தது, அதை முதன்முதலில் கண்டுபிடித்த டாக்டரின் முதல் சீட்டு வேண்டும். எங்கப்பாவுக்கு பிரஷர் இருப்பதைச் சொன்னவர் கருமத்தம்பட்டியில் இருந்த பழைய டாக்டர். அவர் காலமாகி வருடக்கணக்காகிவிட்டது, கிளினிக் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. அந்த டாக்டர் துண்டுத் தாளில் மாத்திரை பெயர் எழுதிக் கொடுப்பார், மெடிக்கலில் மாத்திரை வாங்கியதும் அது குப்பைக்குப் போகும். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இப்படித்தான் பிரஷரும் சர்க்கரையும் வந்தது. அந்தச் சீட்டை நான் யாரிடம் போய்க் கேட்பது, செல்போன் கடைக்காரரிடமா?

பொழுது சாய்ந்த பிறகு கேஷ்லெஸ் ரத்து, பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. பில் 2,35,000 ரூபாய். மாதச்சீட்டைத் தள்ளி எடுத்துக் கட்டினோம். அந்தத் தள்ளு நஷ்டம் எந்தக் கிளெய்ம் ஃபார்மிலும் வராது என்பது தெரியும், அதை நான் கேட்கவும் இல்லை.

இந்த மடலைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று. காப்பீட்டு ஆணையம் 2024 மே 29 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும், எங்களுக்குத்தான் யாரும் சொல்வதில்லை. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் என்று ஆஸ்பத்திரி எழுதி அனுப்பினால் 3 மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும், தாமதமானால் கூடுதலாக ஆகும் செலவைக் காப்பீட்டு நிறுவனம் தன் பங்குதாரர் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். முக்கியமானது அடுத்தது: கிளெய்முக்கு வேண்டிய ஆவணங்களைக் காப்பீட்டு நிறுவனமும் உங்களைப் போன்ற டிபிஏ-வும்தான் ஆஸ்பத்திரியிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும், பாலிசிதாரரை அலையவிடக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, நோயை மறைத்தார் என்று சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது.

எங்கப்பா 60 மாதத்தை எப்போதோ தாண்டிவிட்டார். அதனால்தான் 2023 என்ற அந்தத் தேதி உங்களுக்கு அவ்வளவு வசதியாக இருக்கிறது போலும். வேண்டுமென்றே செய்தீர்கள் என்று சொல்லவில்லை. டேட்டாவை ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது பழைய ஐடி விட்டுப்போயிருக்கும். ஆனால் விட்டுப்போனது உங்கள் கையிலிருந்து, தேடி எடுக்க வேண்டியது மட்டும் 71 வயதுக்காரர் என்றால் எப்படி? ரசீது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பினோம். "இந்தப் பழைய ஐடி எங்கள் பதிவில் இல்லை" என்று பதில் போட்டீர்கள். இல்லை என்பதுதானே எங்கள் புகாரே! இத்தனைக்கும் காப்பீட்டு நிறுவனம் 2009-லிருந்து ஒன்றுதான், பொதுத்துறை நிறுவனம், கிளை அலுவலகம்கூட மாறவில்லை. அங்கே போய்க் கேட்டால் "டிபிஏ-வைக் கேளுங்க" என்கிறார்கள். டிபிஏ-வுக்கு போன் போட்டால் "இன்சூரன்ஸ் கம்பெனி கன்ஃபர்ம் பண்ணணும்" என்கிறீர்கள்.

உங்கள் தொழிலின் வரலாறு எனக்கும் கொஞ்சம் தெரியும், இந்தப் பிரச்சினையால் படிக்க வேண்டியதாயிற்று. 1986-ல் அரசுப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் மெடிக்ளெய்ம் என்ற மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தபோது டிபிஏ என்று ஒருவரும் கிடையாது, கட்டிவிட்டுத் திரும்ப வாங்குவதுதான். 2001-ல் ஆணையம் விதி போட்டு, பாலிசிதாரருக்கும் ஆஸ்பத்திரிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நடுவில் உங்களை உட்கார வைத்தது. கேஷ்லெஸ் என்கிற வசதி ஊர்ப்புறம் வரைக்கும் வந்ததில் உங்கள் பங்கு உண்டு, மறுக்கவில்லை. அதற்குப் பிறகு வாங்கல் விற்றல்தான். டிடிகே பெயரில் இருந்த டிபிஏ விடால் ஆனது, 2024-ல் அந்தக் குழுமத்தை பஜாஜ் ஃபின்சர்வ் ஹெல்த் வாங்கியது. யுனைடெட்ஹெல்த்கேர் பரேக் என்று இருந்தது மெட்வான்டேஜ் ஆனது, அதையும் ரக்ஷாவையும் 2023-ல் மெடி அசிஸ்ட் வாங்கியது, அடுத்த ஜனவரியில் மெடி அசிஸ்ட் பங்குச்சந்தைக்கே வந்துவிட்டது. இவர்களில் யாரையும் நான் குறை சொல்லவில்லை, எங்கள் வழக்கு இவர்களோடு அல்ல. இந்தத் தொழிலில் கைமாறுவது சகஜம் என்பதற்காகச் சொன்னேன். சகஜம் என்றால், கைமாறும்போது பாலிசிதாரரின் வருடங்களைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பதற்கும் இந்நேரம் ஒரு வழி வந்திருக்க வேண்டாமா?

எங்கள் பக்கம் தறிக்குடோன் கைமாறுவதும் சகஜம்தான். விற்பவரும் வாங்குபவரும் ஆயிரம் பேசிக்கொள்வார்கள், ஆனால் தறியில் ஓடிக்கொண்டிருக்கும் பாவு நூலை யாரும் அறுக்க மாட்டார்கள். புதுசாக வந்தவர் அதை ஓட்டி முடித்து, பழைய கூலிக் கணக்கையும் நேர் செய்துவிட்டுத்தான் தன் பாவு நூலை ஏற்றுவார். இதை எங்களுக்கு எந்த ஆணையமும் சுற்றறிக்கை போட்டுச் சொல்லவில்லை.

பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் முதலில் வந்ததே 1955-ல் கோயமுத்தூரில்தான், பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக. எங்க அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, மில் வேலைக்காரர், அவருக்கு ஈஎஸ்ஐ இருந்தது. அங்கே வரிசையும் உண்டு, மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பிய நாளும் உண்டு, ஆனால் நீ எந்த வருடத்து ஆள் என்று யாரும் கேட்கவில்லை. எங்கப்பா சொந்தமாகத் தறி போட்டதால் ஈஎஸ்ஐ-யும் கிடையாது, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால்தான் முதல்வர் காப்பீடு என்பதால் அதிலும் வர முடியாது. நடுவில் நிற்கிற இந்த மாதிரி ஆட்கள்தான் வயிற்றைக் கட்டி பிரீமியத்தைக் கட்டுகிறார்கள். வயது ஏற ஏற பிரீமியம் ஏறியது. கொரோனாவில் தறி நின்றபோதும் அப்பா கட்டினார். பிரீமியம் ஏற்றும்போது மட்டும் அவருடைய வயது சரியாகவே இருந்தது, ஒரு வருடம்கூடக் காணாமல் போகவில்லை. பிடிஎஃப் அனுப்ப போன் நம்பரும் சரியாக இருந்தது.

அந்தப் பிடிஎஃப்பை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் பார்த்தார். "ஏங்கண்ணு, இவங்க கதை இவ்வளவு தெளிவா எழுதி வெச்சிருக்காங்க, நாம கட்டுன கணக்கு மட்டும் எப்படீங் காணாமப் போகும்?" என்று கேட்டார். அவர் மரியாதைக்கான "ங்" போட்டுப் பேசினால் அது என்னிடம் பேசுவதில்லை, உங்களிடம் கேட்பது. அதனால் அப்படியே எழுதியிருக்கிறேன்.

கோபத்தில் சில வார்த்தை கூடியிருக்கலாம், உங்கள் கால் சென்டரில் பேசும் பிள்ளைகள் மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை, அவர்கள் திரையில் தெரிவதைத்தான் சொல்கிறார்கள். திரையில் என்ன தெரிய வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் நீங்கள். ஆகவே தயவுசெய்து, எங்கப்பாவின் பாலிசி 2009-லிருந்து தொடர்ச்சியாக இருக்கிறது என்று உங்கள் பதிவைத் திருத்துங்கள். இணைப்புக்கு முந்தைய பதிவுகள் இப்போது யார் பொறுப்பில் இருக்கின்றன என்று எழுத்தில் சொல்லுங்கள், இது எங்கள் ஒரு வீட்டுப் பிரச்சினையாக இருக்காது, சோமனூர், பல்லடம், அவினாசி பக்கம் இதே ஏஜென்டிடம் பாலிசி எடுத்தவர்கள் நிறையப் பேர். கிளெய்மைப் புதிதாகப் பார்த்து, மறுப்பதானாலும் காப்பீட்டு நிறுவனத்தின் கையெழுத்தோடு, காரணத்தோடு மறுக்கச் சொல்லுங்கள். இதன் நகலை அந்த நிறுவனத்தின் குறைதீர்ப் பிரிவுக்கும் அனுப்பியிருக்கிறேன். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் மனு போடுவோம். அங்கே வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை என்று தெரிந்துகொண்டோம். அதுவரை போக வேண்டாம் என்றுதான் எங்கள் ஆசை, அப்பாவுக்கு அலைச்சல் ஆகாது.

பதிலைத் தமிழில் எழுதினால் அவரே படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
சோமனூரிலிருந்து ஒரு பாலிசிதாரரின் மகன்