எங்கம்மா படத்துக்கு 'அமைதி'ன்னு பேர் வச்சவங்களுக்கு

கண்காட்சி அமைப்பாளர்களுக்கும் க்யூரேட்டர் மேடத்துக்கும் வணக்கம்.

என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், திரும்ப முதல்லேருந்து சொல்லல. உங்க கண்காட்சிக்கு நான் வரைஞ்சு குடுத்த எங்கம்மா படத்தோட பேரு 'மூச்சு வாங்குது'. ஃபார்ம்ல நான் எழுதிக் குடுத்தது அதுதான், நீங்க மெயில்ல ஓகே பண்ணதும் அதுதான். இடம், ஹாலுக்குள்ள நுழைஞ்சதும் இடதுபக்க சுவர். அந்தப் பேரை திரும்ப போடுங்க, அந்த சுவர்லயே மாட்டுங்க. கேக்கறது இவ்வளவுதான்.

ஓப்பனிங் முடிஞ்ச மறுநாளே படம் பாத்ரூம் போற வழிக்கு போயிடுச்சு, அடுக்கி வச்ச பிளாஸ்டிக் சேர் பக்கத்துல. லேபிள்ல 'அமைதி'ன்னு புதுப்பேரு. எனக்கு யாரும் ஒரு போன்கூட பண்ணல. சனிக்கிழமை எங்க சித்தி வந்தாங்க, ரெண்டு பஸ் மாறி, முட்டிவலியோட. ஹால் முழுக்க சுத்தி கெடைக்காம கடைசியா செக்யூரிட்டி அண்ணன்தான் கூட்டிட்டு போய் காட்டியிருக்காரு. லேபிளைப் படிச்சிட்டு எனக்கு போன் பண்ணி, "என்னடா அமைதி? அவ மூச்சுக்குத் திணறுனப்ப பக்கத்துல உக்காந்திருந்தது நான்தானே"ன்னு கேட்டாங்க. நான் என்னத்த சொல்ல?

அது கான்வாஸ் இல்லங்க, அம்மா கட்டுன கைத்தறி சேலை. அதுமேல கரித்துண்டால வரைஞ்சது. முந்தானையில அவங்க கை துடைச்ச மஞ்சக்கறை இருக்கும், அத துவைச்சா போயிடும்னு துவைக்காமலே வச்சு, வரைஞ்ச கை சரியா அந்தக் கறைகிட்ட வந்து முடியற மாதிரி போட்டிருந்தேன். இப்போ போறவங்க வர்றவங்க தோள் உரசி வாயோரத்து கோடு கலைஞ்சு சாம்பலா பரவியிருக்கு. திறந்திருந்த வாய் பாதி மூடுன மாதிரி ஆயிடுச்சு. ஒருவிதத்துல நீங்க வச்ச பேருக்குப் பொருத்தம்தான்.

கேட்டதுக்கு "பாக்கறவங்க டல்லாயிடறாங்க, கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும்"னு சொன்னீங்க. மேடம், கண்காட்சி தலைப்புலயே 'உணர்வு'ன்னு போட்டது நீங்கதானே? தொல்காப்பியத்துல மெய்ப்பாடு, அதாவது உடம்புல தெரியற உணர்ச்சி, எட்டு, நகைக்கு அடுத்து ரெண்டாவதே அழுகைதான். நீங்க அத மட்டும் தூக்கி பாத்ரூம் பக்கம் வச்சிட்டீங்க.

அழுகைன்னா ஒப்பாரி போஸ்டர் மாதிரி இருக்கும்னு பயமா? நம்ம நாட்டு ஓவியர் சோம்நாத் ஹோர் 1943 வங்காளப் பஞ்சத்தை நேர்ல பாத்து வரைஞ்சவர். 1970கள்ல அவர் பண்ண 'காயங்கள்' வரிசையில மனுஷ உருவமே கெடையாது, வெள்ளைக் காகிதக்கூழ்ல கீறலும் பிளவும் மட்டும், வெள்ளைமேல வெள்ளை. பாத்தா நம்ம தோலு கூசும். ஜெர்மனியில கேத்தே கோல்விட்ஸ்னு ஒரு கலைஞர், 1914ல போர்ல மகனைப் பறிகொடுத்துட்டு, அவனுக்கான சிலையை 1932லதான் முடிச்சாங்க. அதுல மகன் இல்ல. மண்டி போட்ட அப்பாவும் அம்மாவும் மட்டும், அந்த அப்பா தன்னைத்தானே கட்டிப் புடிச்சிருப்பாரு. பதினெட்டு வருஷம்! கொஞ்சம் பாசிட்டிவா பண்ணும்மான்னு அவங்ககிட்ட சொல்ல ஆள் இல்லாம போச்சு.

நான் அவங்க அளவுக்கு ஆள் இல்ல, ஸ்கூல்ல டிராயிங் சொல்லிக் குடுக்கறவன். ஆனா இப்போ எந்த குரூப் ஷோவுக்குப் போனாலும் இதே கதைதான், கண்ணை மூடுன புத்தர், ஓடற குதிரை, சோஃபா கலருக்கு மேட்சா நாலு தாமரை, அது முன்னாடி செல்ஃபி. விக்கணும்தான், வாடகை கட்டணும்தான், புரியுது. அதுக்குன்னு எங்ககிட்டயும் பங்கேற்புக் கட்டணம் வாங்கிட்டு துக்கத்துக்கு மட்டும் பேர் மாத்துவீங்களா, அப்போ பேசாம கேலண்டர் அடிச்சு வித்துடலாமே... சரி விடுங்க, சண்டை போட வரல.

தயவுசெஞ்சு கேக்கறேன், படம் பழைய சுவருக்கு வரணும், லேபிள்ல 'மூச்சு வாங்குது'ன்னு இருக்கணும். இன்னும் ஆறு நாள் இருக்கு. அந்த இடத்துல இப்போ மாட்டியிருக்கற நண்பரோட படத்தை ரெண்டடி தள்ளுனாப் போதும், அவர்கிட்ட பேசிட்டேன், சரின்னுட்டாரு. நாளைக்கு காலையில ஒன்பது மணிக்கு ஆணி, சுத்தியோட வர்றேன், ஹாலை மட்டும் தொறந்து வைக்கச் சொல்லுங்க. கலைஞ்ச கோட்டை நான் திருத்தப் போறதில்ல, அப்படியே இருக்கட்டும். லேபிள் பிரிண்ட் எடுக்க நேரமில்லன்னா நானே எழுதிட்டு வர்றேன், கையெழுத்து சுமாராத்தான் இருக்கும்.

சித்தியும் கூட வருவாங்க. உக்கார ஒரு சேர் வேணும். அந்த வழியில நிறைய அடுக்கி வச்சிருக்கீங்களே, அதுல ஒண்ணு போதும்.