கேஜன் இசையில் பாதியை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கேஜன் இசை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1755 முதல் ஆங்கிலேயர்கள் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து பிரெஞ்சு பேசும் அகாடியர்களை விரட்டியது, அவர்களில் ஒரு பகுதியினர் லூசியானாவுக்கு வந்து சேர்ந்து கேஜன்கள் என்று பெயர் பெற்றது, 1921 மாநில அரசியல் சட்டத்துக்குப் பிறகு பள்ளியில் பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் தண்டனை வாங்கியது, 1964ல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் கேஜன் இசைக் கலைஞர் டூயி பால்ஃபாவின் குழுவுக்கு விழுந்த கைதட்டல் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் கட்டுரை முழுக்க இது அகாடியர்களின் மரபுச் சொத்து என்றே பேசுகிறது. அமெடே ஆர்டுவான் பெயர்கூட வராமல் கேஜன் இசையின் வரலாற்றை எப்படி எழுத முடிந்தது?

ஆர்டுவான் பிரெஞ்சு பேசிய கறுப்பினத்தவர். அங்கே கிரியோல் என்பார்கள். பிறர் நிலத்தை வாரத்துக்கு எடுத்துப் பயிர் செய்து பிழைத்தவர். கையில் பத்துப் பொத்தான் அக்கார்டியன், பக்கத்தில் வயலினோடு டெனிஸ் மெகீ என்ற வெள்ளையர். நிறவெறி தலைவிரித்தாடிய அந்த நாளில் இருவரும் சேர்ந்து வீட்டு நடனங்களுக்கு வாசித்தார்கள், 1929ல் நியூ ஆர்லியன்ஸில் இசைத்தட்டுக்கும் பாடினார்கள். 1934க்குள் ஆர்டுவான் பதிவு செய்தது 34 பாட்டுகள். அவ்வளவுதான். ஆனால் இன்றைக்குக் கேஜன் அக்கார்டியன் பழகுகிறவர் யாரும் அவற்றைத் தாண்டிப் போய்விட முடியாது.

அவருக்கு நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். ஒரு நடன இரவில் வியர்வை துடைக்க வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கைக்குட்டை நீட்டினாள், அதைப் பொறுக்காத சில வெள்ளையர்கள் வழிமறித்து அடித்துப் போட்டார்கள் என்று அந்தப் பக்கத்து மக்கள் இன்றும் சொல்கிறார்கள். 1942ல் பைன்வில் மனநல மருத்துவமனையில் இறந்தார். கல்லறை எதுவென்று அடையாளம் இல்லை. ஒப்பலூசாஸில் அவருக்குச் சிலை வைக்க 2018 வரை ஆயிற்று.

முப்பதுகளின் நடுவிலிருந்து நடனக் கூடங்கள் ஸ்டீல் கிடாருக்கும் வயலினுக்கும் மாறி, அக்கார்டியனை மூலையில் போட்டுவிட்டன. 1948ல் அதைத் திரும்பக் கொண்டுவந்தவர் என்று ஐரி லெஜ்யூனைக் கொண்டாடுகிறார்கள். நியாயம்தான். ஆனால் கண் பார்வை குறைந்த அந்த வெள்ளைக்கார இளைஞர் பாடம் கேட்டது ஆர்டுவானின் தட்டுகளிடம். மூலைக்குப் போன வாத்தியம் ஒரு கிரியோல் கலைஞரின் வாசிப்பு வழியாகத்தான் மீண்டது. (அந்த அக்கார்டியனே ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கியது என்பது வேறு கதை.)

கிரியோல்களுக்குத்தான் சைடெகோ என்று தனி இசை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. அது கிளிஃப்டன் ஷெனியே போன்றவர்கள் கையில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உருவெடுத்தது. ஆர்டுவானும் மெகீயும் வாசித்தபோது அப்படி ஒரு பங்கு பிரிப்பே நடக்கவில்லை. இசை ஒன்று, ஆடும் கூடங்கள்தான் வேறு. பிற்காலத்து வேலியைப் பழைய காலத்தில் கொண்டுபோய் நட்டால், இருவர் சேர்ந்து செய்த வேலைக்கு ஒருவர் பெயரில் பட்டா கிடைத்துவிடும். மரபு, பாரம்பரியம் என்று அரசும் விழாக் குழுக்களும் பேசத் தொடங்கும்போது பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. 1974ல் லாஃபயெட்டில் நடந்த கேஜன் இசைப் பாராட்டு நிகழ்ச்சியிலிருந்து வளர்ந்த ஆண்டு விழாகூட நெடுநாள் அகாடியர் பெயரை மட்டுமே தாங்கியிருந்தது. 'கிரியோல்' என்பது பிறகு சேர்த்ததுதான்.

பால்ஃபா மேடையேறி இரண்டு ஆண்டு கழித்து, 1966ல், அதே நியூபோர்ட்டுக்குப் போனவர்கள் கேன்ரே ஃபோன்டனோவும் போவா செக் ஆர்டுவானும். இருவருமே கிரியோல்கள், போவா செக் அமெடேயின் உறவினர். இவர்களைப் பற்றி அடுத்த இதழ்களில் ஒரு கட்டுரை வந்தால் விட்டுப்போனதில் கொஞ்சமாவது சரியாகும். பக்கம் போதாது என்றால் 1929 பதிவுகளின் பட்டியலையாவது ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். இணையத்தில் தேடினால் கேட்கக் கிடைக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஹூஸ்டன்