எஸ்டேட் முதலாளியைக் காதலிக்கிறவளுக்குக் கூலி எவ்வளவு?

அன்புள்ள தங்கச்சிக்கு,

டிவி சீரியல் ஜோடி ஒன்றை ஏற்காட்டுக்குக் குடியேற்றி நீ எழுதும் தொடர்கதையை விடாமல் படிக்கிறேன். காதல் காட்சி உனக்கு நன்றாக வருகிறது. பணம் வரும் இடம்தான் இடிக்கிறது.

நாயகன் எஸ்டேட் முதலாளி. கொண்டை ஊசி வளைவில் காரை விரட்டுகிறான், பங்களா வாசலில் நின்று மூடுபனியைப் பார்க்கிறான். காப்பிப் பழம் பறிக்கிற மார்கழியில்கூட அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. ஆள் கிடைக்கவில்லை, மிளகு விலை இறங்கிவிட்டது என்று புலம்பாத முதலாளியை நான் மலைமேல் பார்த்ததில்லை. பறிக்கிறவர்கள் கும்பிடு போட மட்டும் வருகிறார்கள். 1820களில் கலெக்டர் காக்பர்ன் காப்பி கொண்டுவருவதற்கு முன்பிருந்தே ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள்? நாயகனைப் பாம்பு கடித்தபோது பச்சிலை அரைக்க ஒரு தாத்தா வந்தார், அத்தோடு சரி. ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கான தனித்தொகுதி, அம்மணி!

நாயகி ஏழை என்கிறாய். கிழிந்த தாவணி, ஒழுகும் கூரை, எக்கச்சக்கத் தன்மானம். அடுப்பு எதில் எரிகிறது? அவள் கொலுசுச் சத்தத்துக்கு நாயகன் மூச்சடைத்துப் போகிறானே, அவளையே நம் சேலத்துச் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வீட்டுப் பெண்ணாக்கிப் பார். அங்கே வெள்ளி அவர்களுடையதில்லை, வியாபாரியுடையது. எடை போட்டுக் கொடுப்பார், எடை போட்டு வாங்குவார். சேதாரம் கூடினால் கூலியில் கை வைப்பார். வளையம் கோப்பதும் பற்றவைப்பதுமாக வீடே உட்கார்ந்திருக்கும். வெள்ளி விலை ஏறினால் வாங்குகிறவர்கள் யோசிப்பார்கள், வேலை குறையும். நாளெல்லாம் மடியில் வெள்ளி கிடக்கும், அதில் ஒரு கிராம்கூட அவளுடையதில்லை. அப்படி வளர்ந்தவள் தரையில் மின்னும் துணுக்கை விரலால் ஒற்றி எடுப்பாள். பங்களாவுக்கு வாழப்போனாலும் கை சும்மா இருக்காது. மாமியார் அதைப் பார்க்கட்டும். நீ எழுதிய கன்னத்தில் அறையும் காட்சியைவிட இது உறைக்கும்.

அந்த மாமியாரும் பணத்துக்காக மட்டுமே எதிர்க்கிறாள். நம் ஊர்ப்பக்கம் சாதி பேசாமல் எந்தச் சம்பந்தம் முறிந்திருக்கிறது? எழுதினால் வாசகிகள் சண்டைக்கு வருவார்கள் என்று பயப்படுகிறாய், புரிகிறது. சீரியல்காரர்களும் அதே பயத்தில்தான் ஏழை, பணக்காரன் என்று சொல்லி நழுவுகிறார்கள். அவர்களுக்காவது விளம்பரம் போய்விடும். உனக்கு என்ன போகிறது?

கல்யாணத்தை எப்படியும் நடத்தத்தான் போகிறாய், நடத்து. நாயகனின் பாட்டிக்கும் டிரைவருக்கும் நாய்க்கும்கூடப் பெயர் இருக்கிறது. நாயகியின் அம்மாவுக்கும் ஒன்று வை.

அன்புடன்,
அக்கா
சேலம்